பத்தாய அறை வாசம்

எங்கள் ஊர் நர்சம்மா ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ வாங்குவார். குடிப்பது ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் கையைச் சூடு பண்ணிக்கொள்ள. கண்ணாடிக் கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். சூடு ஏறியதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, வந்தவள் வயிற்றில் கை வைப்பார். ஆறிப்போன டீயை வாசலில் உட்கார்ந்திருக்கும் யாராவது குடித்துவிடுவார்கள். டீ குடித்தே அரசாங்கத்துச் சம்பளத்தைத் தீர்க்கிறாள் என்று என் மாமியார் சொல்வார். எனக்கும் அப்படித்தான் பட்டது. முதல் முறை உண்டாகியிருந்தபோது டவுனில் ஒரு டாக்டரம்மா கை கழுவிய ஈரத்தோடு என் வயிற்றைத் தொட்டார். வயிறு கல்லாகிவிட்டது. மூச்சை விடும்மா, விடும்மா என்று அவர் சத்தம் போடப் போட, உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. ஊருக்குத் திரும்பியதும் நேரே நர்சம்மாவிடம் போனேன். டீக்கு ஆள் அனுப்பினார். அந்த டீயின் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் கீழ்வேளூருக்குத் தெற்கே. பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு முக்கால் மைல் நடக்க வேண்டும். ஆட்சி மாறியிருந்த புதிது. மேடைக்கு மேடை தமிழ் முழங்கியது, சுவருக்குச் சுவர் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் தலைகீழாகத் தொங்கியது. எங்கள் ஊருக்கும் ஒரு நர்ஸைப் போட்டார்கள், இருக்க இடம் மட்டும் போடவில்லை. ஊரில் பெரிய மிராசு என் மாமனார். எங்கள் வீட்டு முன்பக்கத்து வண்டிக் கொட்டகையைத் தடுத்து வெள்ளையடித்துக் கொடுத்தார். வாடகை வாங்கவில்லை. வாங்கவில்லை என்பதை வாரத்துக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிவிடுவார்.

நர்சம்மாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். பட்டுக்கோட்டைப் பக்கம். தனி ஆள். பூ வைக்க மாட்டார், பவுடர் போட மாட்டார், வளையலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவார். கத்தரி, இடுக்கியெல்லாம் கொதிக்க வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி வைத்திருப்பார். இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் கேட்டால் படுத்திருப்பவளுக்குத் தொடை இறுகிவிடும் என்பார்.

"நாம சொன்னா உடம்பு கேக்காதும்மா. அதுவா பாக்கும், அதுவா மோந்துக்கும், அதுவா முடிவு பண்ணும். நாம அதுக்கு எடைஞ்சல் பண்ணாம இருந்தாப் போதும்" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். எனக்கு இது விசித்திரமாக இருந்தது. எங்கள் வீட்டில் உடம்பு என்றால் கஷாயம், பத்தியம், அதற்கு மேலே போனால் திருநள்ளாறு.

அவருடைய சைக்கிளில் மணி கிடையாது. ஆரம்பத்தில் இருந்தது, அவரே கழற்றிவிட்டார். கூலிக்காரர்கள் குடியிருந்த தெற்குத் தெருவில் சைக்கிள் மணி கேட்டால் எங்கள் காரியக்காரர் வருகிறார் என்று அர்த்தம். பண்ணை வேலைகளை மேய்ப்பவர் அவர். யாரெல்லாம் வயலுக்கு இறங்கவில்லை என்று பார்க்கத் தினமும் காலையில் மணியடித்துக்கொண்டு அந்தத் தெருவில் ஒரு சுற்று வருவார். நர்சம்மா போன முதல் வாரம், ஒரு குடிசை வாசலில் மணியடித்திருக்கிறார். உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் மார்பிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து நின்றாளாம். வந்தது நர்ஸ்தான் என்று தெரிந்த பிறகும் அரைமணி நேரம் பால் இறங்கவில்லை. அன்று சாயங்காலமே ஸ்பானரை வாங்கி மணியைக் கழற்றினார். மணியில்லாமல் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று ரோட்டில் ஒரு கான்ஸ்டபிள் நிறுத்தியதற்கு, மணி இருந்தால் எனக்கு யாரும் கதவு திறக்க மாட்டார்கள் என்று சொன்னாராம். கான்ஸ்டபிள் ஒன்றும் புரியாமல் விட்டுவிட்டார்.

என் மாமனாருக்கு ஊசி என்றால் நடுக்கம். இருபது வேலி நிலத்தை ஒரு உறுமலில் ஆள்பவர், ஊசியைப் பார்த்தால் சட்டைக் கையை ஏற்ற விடமாட்டார். காலில் ஆணி குத்திவிட்டது, போட்டே ஆக வேண்டும். நர்சம்மா மருந்தை ஏற்றிக்கொண்டு பின்பக்கமாக நின்று, "ஐயா, கொல்லை மோட்டார் நின்ன மாதிரி இருக்கே" என்றார். மாமனார் காதைத் தீட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் திரும்பினார். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடுதே என்று அவர் சொல்வதற்குள் ஊசி இறங்கி வெளியே வந்துவிட்டது. இதெல்லாம் ஒரு வலியா என்று ரெண்டு நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் என் வீட்டுக்காரரும் அடுப்படியில் முந்தானையையும் துண்டையும் வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம்.

ஊரார் உடம்பையெல்லாம் இப்படித் தட்டிக் கொடுத்து வழிக்குக் கொண்டுவந்தவருக்குத் தன் உடம்பிடம் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. கதவு படாரென்று சாத்தினால் போதும், கையிலிருப்பது கீழே விழுந்துவிடும். அதனால் கொட்டகைக் கதவுக்கு அடியில் எப்போதும் ஒரு செங்கல் கிடக்கும். என்ன பயம் என்று கேட்டேன். "அது வேற கதைம்மா" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

என் பிரசவத்துக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் பதினோரு பேர் அறைக்குள் இருந்தார்கள். எண்ணியிருக்கிறேன், வேறு வேலை இல்லையே. மாமியார் சாம்பிராணி போட்டு எதிரில் இருப்பவர் முகம் தெரியாமல் பண்ணியிருந்தார். தலைச்சன் பிள்ளையில் செத்துப்போனவர்கள் கதையை ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் ஆரம்பித்த வலி மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. நர்சம்மா வந்தார். யாரையும் போ என்று சொல்லவில்லை. ஒருத்தியை வெந்நீருக்கு அனுப்பினார், ஒருத்தியை வேப்பிலைக்கு, ஒருத்தியை அவள் வீட்டிலிருந்து பெரிய அண்டா கொண்டுவர. மாமியாரிடம், வாசலில் நீங்கள் உட்கார்ந்தால்தான் அம்மா யாரும் உள்ளே வராமல் இருப்பார்கள் என்றார். மாமியாருக்குப் பெருமை. போய் உட்கார்ந்துகொண்டார். வந்த வெந்நீரும் வேப்பிலையும் அண்டாவும் அப்படியே கிடந்தன.

அறை இருட்டானதும் என் காதருகில் வந்து, அம்மா கட்டிய சேலை ஏதாவது கைவசம் இருக்கிறதா, துவைக்காதது, என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் பிறந்த வீடு வேதாரண்யத்துக்குப் பக்கம். அம்மா படுத்த படுக்கை, வர முடியாது. சீமந்தத்துக்குப் போனபோது அவர் அவிழ்த்துப் போட்ட சேலை ஒன்றை யாருக்கும் தெரியாமல் பெட்டியில் சுருட்டி எடுத்து வந்திருந்தேன். நர்சம்மா அதை மடித்து என் கன்னத்துக்குக் கீழே வைத்தார். வெற்றிலை, விறகுப் புகை, உப்பளத்துக் காற்று. என் முதுகு தானாகத் தரையில் படிந்தது. நான் அழுதேன், அவர் இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் என் மகள் பிறந்துவிட்டாள்.

பிள்ளை பெற்ற பிறகு மத்தியானங்களில் நான் பின்கட்டில் பத்தாய அறையில்தான் படுப்பேன். ஆள் உயர மரப் பத்தாயங்கள் இரண்டு, அவற்றில் வருஷத்து நெல். வண்டு விழாமல் இருக்க நொச்சி இலை போட்டிருப்பார்கள். வீட்டுப் பெண்களின் பழைய சேலைகளை வைத்த தகரப் பெட்டியும் அங்கேதான். ஜன்னல் கிடையாது, கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும். பழைய நெல்லும் நொச்சியும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறினாலே எனக்குக் கண் சொக்கும். மகளும் அங்கே போட்டால்தான் தூங்குவாள்.

அதற்கு அடுத்த சம்பா அறுவடையில்தான் ஊர் ரெண்டாகியது. தெற்குத் தெருவில் செங்கொடி ஏறியிருந்தது. அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். என் மாமனாரும் மற்ற மிராசுகளும் முடியாது என்றார்கள். நெல் தலை சாய்ந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து லாரியில் ஆள் வந்தது, கூடவே பள்ளிக்கூடத்தில் போலீஸ் முகாம். முகாமுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து. விடிந்தால் ஆரம்பித்துப் பொழுது அடையும்வரை விசில் ஊதுவார்கள். தெற்குத் தெரு பயந்துகிடந்தது என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் மட்டும் என்ன, அடுப்படியில் தட்டு விழுந்தால் மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். எழுந்துவிட்டு, எழுந்ததற்காக எங்களைத் திட்டுவார்.

நர்சம்மா ஒருவர்தான் அப்போது இரண்டு பக்கமும் போய்வந்தார். இரண்டு பக்கமும் அவரைச் சந்தேகப்பட்டார்கள்.

தெற்குத் தெருவில் அஞ்சலை என்று ஒரு பெண். தலைப்பிரசவம், நாள் நெருங்கியிருந்தது. அவள் புருஷனை முதல் நாள்தான் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. மறுநாள் விடியற்காலையில் வலி கண்டது. விசில் ஊதும்போதெல்லாம் வலி நிற்கிறது, ஓய்ந்தால் மெல்ல வருகிறது, மறுபடி விசில். பத்து மணி வாக்கில் நர்சம்மா எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் வந்து என்னைக் கூப்பிட்டார். தெருமுனையில் நிற்கிற போலீஸ்காரர்களை ஒரு ரெண்டு மணி நேரம் பள்ளிக்கூடத்துப் பக்கம் நகர்த்தி வைக்க முடியுமா, பெரியவர் சொன்னால் கேட்பார்கள் என்றார். மாமனார் காரை எடுத்துக்கொண்டு கலெக்டரைப் பார்க்கத் தஞ்சாவூர் போயிருந்தார். நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நல்லவர்தான். செருப்பைக்கூட மாட்டினார். பிறகு கழற்றினார்.

"அப்பா இல்லாதப்ப நான் போயி போலீஸ்ல என்னன்னு சொல்றது? வந்து கேட்டா நீ பதில் சொல்வியா?"

நான் பதில் சொல்வேன் என்று சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதில் அந்த வீட்டில் எனக்கு இருந்த அதிகாரம் இன்றைக்கு வெங்காயச் சாம்பாரா கத்தரிக்காய்ச் சாம்பாரா என்பது வரைக்கும்தான். கொல்லைக்குத் திரும்பி வந்து, முடியாது போலிருக்கிறது என்றேன். நர்சம்மா முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சரி, பஸ் ஓடாததால் ஆஸ்பத்திரித் துணி வந்து சேரவில்லை, பழைய துணி நாலு கொடுங்கள் என்றார்.

"கொடியில வெயில்ல காயிறது போதும்மா. வேற எதுவும் வேணாம்."

இதை அவர் சொன்னார். தெளிவாகச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. விசிலை நிறுத்த முடியாதவள் துணியிலாவது தாராளமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கொடியில் கிடந்த முரட்டுத் துணியையா ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பது? எனக்கு அம்மா சேலை எவ்வளவு இதமாக இருந்தது. ஓடிப்போய்ப் பத்தாய அறைப் பெட்டியைத் திறந்து, கட்டிக் கட்டி மெத்தென்று ஆகியிருந்த என் சுங்கடிச் சேலைகள் நாலைப் பொறுக்கி எடுத்தேன். ஒன்றை முகத்தில் வைத்துப் பார்த்தேன். நல்ல வாசம். நர்சம்மா அவசரத்தில் அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். அவரும் மோந்து பார்க்கவில்லை, எத்தனையோ மோந்து பார்த்தவர்.

பிறகு நடந்ததை மூன்று நாள் கழித்து அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மத்தியானம் போலீஸ்காரர்கள் சாப்பிடப் போன நேரத்தில் விசில் ஓய்ந்திருக்கிறது. அஞ்சலைக்கு வலி நன்றாகப் பிடித்துக்கொண்டது. இன்னும் அரைமணியில் பிறந்துவிடும் என்ற கட்டம். நர்சம்மா என் சேலை ஒன்றை அவளுக்குக் கீழே விரித்து, இன்னொன்றைத் தலைக்கு மடித்து வைத்தார். அஞ்சலை தலையைத் திருப்பி மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சோடு கைகால் உதற ஆரம்பித்தது. வாந்தி எடுத்தாள். அந்த நிலைமையில், முழங்காலால் தவழ்ந்து சுவர் மூலைக்குப் போய் ஒண்டிக்கொண்டு, திறந்துவிடுங்கள், திறந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னாளாம். குடிசைக்கு ஏது பூட்டு, கதவே தட்டிதான். அவள் மாமியார்தான் சேலையை எடுத்து மோந்துவிட்டு, இது பண்ணை வீட்டுப் பத்தாய வாசமாச்சே என்று சொல்லியிருக்கிறாள். நர்சம்மா நாலையும் வெளியே வீசினார். வெந்நீரில் அவள் முகத்தையும் தலையையும் துடைத்தார், மடியில் போட்டுக்கொண்டார், பாடினார், என்னென்னவோ செய்தார். நின்ற வலி வரவேயில்லை. குழாயை வைத்துக் கேட்டால் குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்துகொண்டே வந்தது.

மாட்டுவண்டியில் வைக்கோல் போட்டு அவளை ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். மதகடியில் போலீஸ் வண்டியை மறித்தது. வைக்கோலுக்கு அடியில் அரிவாள் இருக்கும் என்று சந்தேகம். அவளை இறக்கி வாய்க்கால் கரையில் உட்காரவைத்து, வைக்கோலைப் பிரித்துக் கொட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி அள்ளிப் போடச் சொன்னார்கள். கீழ்வேளூர் தாண்டுவதற்கு முன்னால் வண்டியிலேயே குழந்தை பிறந்தது. ஆண். அழவில்லை. நர்சம்மா அதன் வாயில் வாய் வைத்து ஊதினார், முதுகைத் தேய்த்தார். அஞ்சலை பிழைத்துக்கொண்டாள்.

அவ்வளவையும் சொல்லிவிட்டு நர்சம்மா, பத்தாய அறையில் அஞ்சலைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. அவர் எழுந்து போய்விட்டார். நான் மாமியாரிடம் கேட்டேன். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணா? சின்னதுல இங்கதான் மாட்டுச்சாணி அள்ளிக்கிட்டு இருந்துச்சு. மடியில நெல்லு வெச்சிருந்துச்சு. காலைல உள்ள வெச்சுப் பூட்டி, சாயங்காலம் தொறந்து விட்டாச்சு. ஒரு அடிகூட அடிக்கலையே" என்றார்.

அடிக்கவில்லை என்பதை அவர் ஒரு நல்ல விஷயமாகத்தான் சொன்னார். நான் போய்ப் பத்தாய அறையில் நின்றேன். அதே இருட்டு, அதே வாசம். வெட்கக்கேட்டை என்னவென்று சொல்ல, என் கண் அப்போதும் சொக்கியது.

பின்னாளில் தஞ்சாவூரில் ஒரு பெரிய டாக்டரிடம் இதைக் கேட்டேன். தொப்புள்கொடி சுற்றியிருக்கலாம், எத்தனையோ காரணம் உண்டு, ஒரு சேலைக்காக இப்படி மனதை அலட்டிக்கொள்ளக் கூடாது என்றார். இருக்கலாம். அரைப்படி நெல்லும் பிறகு கூடக் கிடைத்தது, போலீஸும் போனது, சட்டமெல்லாம் வந்தது. அந்தப் பிள்ளை விஷயத்தில் யார் போய் யாரை என்ன செய்வது? அஞ்சலையை ஒருமுறை வாய்க்கால் கரையில் எதிரே பார்த்தேன். பேச வேண்டும் போலிருந்தது. காற்று என் பக்கமிருந்து அவள் பக்கம் வீசியது. நான் திரும்பி வந்த வழியே நடந்துவிட்டேன். அவளுக்காகச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று அப்போது நினைத்தேன்.

குழந்தை போன அந்த மாசம் முடிவதற்குள் நர்சம்மா மாற்றல் வாங்கிக்கொண்டார். அவரே எழுதிக் கேட்டு வாங்கியது. கிளம்புகிற அன்று காலையில் டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுப் படிக்குக் கீழே வந்து நின்றார். மாமனாரிடம் சாவியைக் கொடுத்தாயிற்று. என் மகளைப் பார்க்க வேண்டும் என்றார், அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்றார். அவரே சொன்னார்.

"உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லம்மா. நல்லது நெனச்சுத்தான் குடுத்தீங்க. மோந்து பாத்திருக்க வேண்டியது நானு."

மனசாரத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேட்டதும் எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று படியிறங்கி வேகமாகக் கிட்டே போனேன். அவர் பின்னால் நகர்ந்துவிட்டார். ஒரே ஒரு எட்டு. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கால்தான் நகர்ந்தது. குனிந்து தன் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். திரும்பக் கிட்டே வர முயற்சி பண்ணினார் என்று நினைக்கிறேன். தோள் அசைந்தது, கால் வரவில்லை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு வாய்க்கால் கரைப் பக்கம் நடந்தார். நான் நீட்டின கையை மடக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.